வரியின் கடைசிச் சொல்லை விட்டுவையுங்கள்

கேள்வி: ஆறு வருடமாக டிரம்ஸ் கற்று வருகிறேன். தினமும் இரண்டு மணி நேரம் சாதகம். இப்போது ஒரு இசைக்குழுவில் வாசிக்கிறேன். போன வாரம் ஒத்திகையில் எங்கள் பாடகி, ‘கொஞ்சம் குறைச்சு வாசி, பாட்டே கேட்கலை’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கிதார் வாசிப்பவரும் அதற்குத் தலையாட்டினார். மேடையில் கைதட்டல் விழுவது, டிரம்களில் வேகமாக உருட்டி அடிக்கும் என் ரோலுக்குத்தான். சும்மா ‘டும் டக்’ என்று வாசிப்பதற்கு ஆறு வருடப் பயிற்சி எதற்கு? டிரம்மர் என்ன, கடிகாரமா? அடுத்து, கிக் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க உதவும் டபுள் பெடல் வாங்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து?

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: உங்கள் பாடகி எல்லோர் முன்னாலும் சொன்னது தவறு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி என்றே நினைக்கிறேன். நீங்கள் வாசித்ததை நான் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அதை மூன்று தடவை படித்தேன். ஆறு வருடப் பயிற்சி வருகிறது, கைதட்டல் வருகிறது, பெடல் வருகிறது. நீங்கள் வாசித்த பாட்டு எது, அது எதைப் பற்றியது என்று ஒரு சொல்கூட இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஒத்திகை அறையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவான பாட்டு. காத்திருப்பவரின் பாட்டு. பல்லவிக்கு முந்தின வரி ‘நீ இன்றும் வரவில்லை’ என்று முடியும். பாடுபவர் ‘நீ இன்றும்’ என்று பாடி, ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார். அதே நொடியில் டிரம்மர் ஸ்நேர் என்ற முன் டிரம்மிலிருந்து டாம் என்ற கனத்த டிரம்களுக்கு இறங்கி ஒரு ரோல் போட்டு, கிராஷ் என்ற பெரிய சிம்பலில் கொண்டுபோய் முடித்தார். சுத்தமான ரோல், கணக்கு ஒரு இம்மி பிசகவில்லை. ஆனால் வந்தாரா, வரவில்லையா என்பது யார் காதிலும் விழவில்லை. நம் மொழியில் வினைச்சொல் வரியின் கடைசியில் வந்து நிற்கிறது. ஆம், இல்லை, வருவேன், மாட்டேன் எல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. டிரம்மருக்கு ரோல் போடக் கை ஊறுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

அதே டிரம்மர் இரண்டாம் முறை வாசித்தபோது அந்த இடத்தில் ஒன்றுமே செய்யவில்லை. ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலை மூடிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். ‘வரவில்லை’ முழுதாக ஒலித்து அடங்கிய பிறகு, ஸ்நேரில் இரண்டே அடி, அப்புறம் பல்லவி. அறையில் இருந்த நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

‘பாட்டே கேட்கலை’ என்று பாடகி சொன்னதற்குப் பின்னால் ஒலியின் சங்கதியும் இருக்கிறது. குரலில் உயிரெழுத்தின் கனம் கீழே இருக்கும். சொல்லை இன்ன சொல் என்று காட்டும் மெய்யொலிகள், முக்கியமாக ச, ஸ, ட, த போன்றவை, மேல் ஸ்தாயி அதிர்வெண்களில் இருக்கும். கிராஷ் சிம்பலின் இரைச்சல் போய் உட்காருவதும் அங்கேதான். அடித்த பிறகும் அது சில நொடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். ராகம் கேட்கும், சொல் கேட்காது. சின்ன அறையில் பாடகியின் மைக்கை ஏற்றினால் தீரும் என்று நினைக்காதீர்கள். அந்த மைக்கே உங்கள் சிம்பலையும் சேர்த்து வாங்கிப் பெரிதாக்கும். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிதாருக்கும் இதே மாதிரி ஒரு இடத் தகராறு உண்டு. பேஸ் வாசிப்பவரின் விரலைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தால் அது பாதி சரியாகிவிடும்.

டிரம்மர் கடிகாரமா என்று கேட்கிறீர்கள். ஜான் போனமைவிட வலுவாக அடித்தவர் என்று யாரைச் சொல்ல முடியும்? அவர் டிரம்மராக இருந்த லெட் செப்பலின் குழு 1971-இல் வெளியிட்ட ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எட்டு நிமிடப் பாட்டு. அதில் பாட்டு தொடங்கி நான்கு நிமிடம் தாண்டும்வரை டிரம்ஸே கிடையாது. அந்தக் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்ததால்தான் அவர் நுழைகிற இடத்தில் பாட்டு எழுந்து நிற்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸில் 1963-இல் சேர்ந்து, 2021-இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் டிரம்மராக இருந்த சார்லி வாட்ஸைப் பாருங்கள். சின்ன செட். ஸ்நேரில் அடி விழும் நேரத்தில் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து தூக்கிவிடுவார். ஒரு அடி குறைகிறது. ஸ்நேர் தனியாகத் தெளிந்து கேட்கிறது. வீடியோ கிடைத்தால் அந்தக் கையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

அதற்காக எளிமையாக வாசிப்பதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். ஸ்டீவ் கேட் என்ற டிரம்மர், பாடகர் பால் சைமனின் 1975-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றுக்கு, ராணுவ அணிவகுப்பின் சாயலில் ஸ்நேரும் ஹை-ஹாட்டும் பின்னிப்போகும் ஒரு தாளம் வாசித்தார். ‘ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்’ என்பது அந்தப் பாட்டு. டிரம்ஸ் கற்கிறவர்கள் இன்றும் அதை எழுதிவைத்துப் பழகுகிறார்கள், அவ்வளவு நுணுக்கம். ஆனால் அந்தத் தாளம் சரணத்தில்தான், அதுவும் மெதுவான சத்தத்தில். பல்லவி வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு நேரான தாளத்துக்கு வந்துவிடுகிறார். அந்தச் சிக்கலான தாளத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. உங்கள் ரோலை எடுத்துவிட்டால் பாட்டில் எது குறையும்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு ரோலுக்கும் கேட்டுப் பாருங்கள்.

ஆறு வருடப் பயிற்சி வீணில்லை. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் பிரச்சினை. தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, வெறும் ‘டும் டக்’கை ஐந்து நிமிடம் வாசியுங்கள். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே முழு ஒரு நொடி இருக்கிறது. அதற்குள் முந்தாமல், இழுக்காமல் இருக்க வேண்டும். வேகமாக வாசிக்கும்போது மறைந்துபோகிற தடுமாற்றமெல்லாம் இங்கே வெளியே தெரியும். அப்புறம் சத்தத்தைப் பாதியாக்கி, காலப்பிரமாணம் நழுவாமல் அதையே வாசியுங்கள். பலருக்கு இங்கேதான் கை திணறும். சத்தம் குறைந்ததும் வேகமும் சேர்ந்து இறங்கும். பிறகு ஸ்நேரின் பெரிய அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காத மாதிரி சின்ன அடிகள். கோஸ்ட் நோட் என்பார்கள். இதற்கெல்லாம் ஆறு வருடம் போதாது.

கைதட்டலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ரோலுக்குக் கைதட்டல் விழும், நானும் தட்டியிருக்கிறேன். நடு இசையில் உங்களுக்கு என்று எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, கொடுத்தால் தயங்காமல் இறங்கி விளாசுங்கள். அது உங்கள் இடம். பாடகி கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொல்லை இழுக்கிற இடம் அவருடையது.

ஒரு வேலை சொல்கிறேன். பாடகியிடம் உங்கள் பாடல்களின் வரிகளை எழுதி வாங்குங்கள். டிரம்ஸைத் தொடாமல் அவற்றை மனப்பாடம் செய்யுங்கள். அடுத்த ஒத்திகையில் வாய்க்குள் பாடிக்கொண்டே வாசியுங்கள். நீங்கள் பாடும் சொல்லின்மேல் உங்கள் கையே அடிக்காது. கேட்பவர்கள் உட்காரும் இடத்தில் ஃபோனை வைத்துப் பதிவு செய்து, இரவு தனியாகக் கேளுங்கள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பது ஒன்று, எதிரே உட்கார்ந்து கேட்பது வேறு. ஒருவேளை கிதாரின் ஆம்ப்தான் பாட்டை மூழ்கடிக்கிறது என்று அதில் தெரியவந்தால், அந்தப் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டபுள் பெடல் நல்ல கருவி. வேகமான மெட்டல் இசையில் அது நிறையப் பயன்படும். உங்கள் குழு பாடுகிற பாட்டுகளில் எந்தப் பாட்டின் எந்த வரியில் அது வேண்டியிருக்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.