கொப்பி என்றால் எந்தக் கொப்பி?

கேள்வி: மகளுக்கு 15 வயது. அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொப்பி கேட்டார்கள். போட்டோக்கொப்பி கொடுத்தேன், திருப்பிவிட்டார்கள். ஒரிஜினலைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஹட்டன் பக்கத் தோட்டம்

பதில்: உங்கள்மேல் பிழையில்லை அம்மா. பிள்ளை எழுதும் புத்தகமும் கொப்பி, பரீட்சையில் பார்த்தெழுதுவதும் கொப்பி, கடையில் மெஷினில் எடுப்பதும் கொப்பி. எது வேண்டும் என்று கந்தோரில் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயிருக்காது. இதைக்கூடச் சொல்லாமல் சனத்தை அலைக்கழிப்பது அநியாயம்.

நீங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ‘ஒரிஜினலும்’ கொப்பிதான். மூலப் பதிவு இருப்பது பதிவேட்டில். அது யார் கைக்கும் வராது. அதைப் பார்த்து எடுத்து, பதிவாளர் கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தருவதே அத்தாட்சிப்படுத்திய பிரதி. உங்களிடம் கேட்டது அதைத்தான். எத்தனை தடவையும் எடுக்கலாம், பயம் வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் படிவம் வாங்கி, பழைய சான்றிதழைப் பார்த்துப் பதிவு இலக்கம், பதிவு செய்த திகதி, பதிவாளர் பிரிவு மூன்றையும் எழுதுங்கள். பிறந்த திகதி வேறு, பதிவு செய்த திகதி வேறு. பலர் மாற்றி எழுதுவது இங்கேதான். பிரிவு கேட்ட இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதாதீர்கள். இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால் தேடுவதற்குக் கூடுதல் கட்டணம். பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

வாசலில் நிற்கும் தரகரிடம் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது. சமாதான நீதவானிடம் ‘உண்மைப் பிரதி’ முத்திரை வாங்கித் தருவதாகக் காசு கேட்பார். அந்த முத்திரை சொல்வது, நீங்கள் காட்டிய தாளும் போட்டோக்கொப்பியும் ஒன்று என்பதை மட்டும்தான். பதிவேட்டுக்கு அது சாட்சி ஆகாது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் வைக்காதீர்கள். பழைய சான்றிதழை லெமினேட் பண்ணவும் வேண்டாம். பிறகு பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் கிழியும்.

ஒன்றைக் கவனியுங்கள். மகளின் பெயரையோ தகப்பன் பெயரையோ பிறகு திருத்தியிருந்தால், அதற்கு முன் எடுத்த பிரதியில் கையொப்பம், முத்திரை எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை. பதிவேட்டில் ‘லெட்சுமி’ ‘லட்சுமி’ ஆகியிருக்கும், உங்கள் தாளில் ‘லெட்சுமி’யாகவே கிடக்கும். திருத்தத்துக்குப் பின் எடுத்த புதிய பிரதிதான் வேண்டும். வாங்கியதும் கருமபீடத்தை விட்டு நகராமல் பாடசாலைப் பதிவிலுள்ள பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சரியென்றால் விண்ணப்பத்தோடு அதிபரிடம் கொடுங்கள்; மகள் பள்ளிக்கூடம் விட்டிருந்தால் தோட்ட அதிகாரியிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ கொடுக்கலாம்.