மொழி தெரிந்த அதிகாரி

அன்புள்ள சார்,

வாளையார் சோதனைச்சாவடி பற்றிய கட்டுரையில் ஹாப்கின்சன் என்ற 'வான்கூவர் துறைமுகப் போலீஸ்காரர்' பெயரைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் அவர் குடியேற்றத் துறை ஆய்வாளர் என்று வருகிறது. எது சரி? கோமகாட்டா மாரு கப்பலைத் திருப்பி அனுப்பியது அவர்தானா? இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர் எப்படி இந்தியர்களை வேவு பார்க்கப் போனார்? அந்தக் கப்பலில் நம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தார்களா?

ஒரு வாசகர், வேலந்தாவளம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. அவசரத்தில் எழுதிவிட்டேன். துறைமுகத்தில் நின்று கப்பலேறிச் சோதிக்கிறவர், கையில் அதிகாரம், பழைய தொழில் போலீஸ். இத்தனையும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டன. பதவிப்படி அவர் கனடாவின் குடியேற்ற ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளரும்கூட.

வில்லியம் சார்லஸ் ஹாப்கின்சன் 1880-இல் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். அம்மா இந்தியப் பெண் என்றும் ஒரு பேச்சு உண்டு. கல்கத்தா போலீஸில் வேலை பார்த்துவிட்டு வான்கூவர் போய்ச் சேர்ந்தார். 1909-இல் அங்கே குடியேற்றத் துறையில் வேலை கிடைத்தது. கனடா சம்பளம் தனி. இந்தியாவின் ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் அரசு இலாகாவான லண்டன் இந்தியா ஆபீஸிலிருந்து வந்த பணம் தனி. மர அறுவை மில்களில் வேலை செய்த பஞ்சாபிகளிடையே யார் அரசியல் பேசுகிறார்கள், யார் பத்திரிகை நடத்துகிறார்கள், யார் பணம் வசூலிக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி அனுப்புவது அவர் வேலை. சான் பிரான்சிஸ்கோ வரை போய், அங்கே பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆள் திரட்டிய ஹர் தயாளையும் கண்காணித்தார். தாடி, தலைப்பாகையோடு நரேன் சிங் என்ற பெயரில் ஒரு குடிசையில் இருந்து உளவு பார்த்தார் என்றும் சொல்வதுண்டு.

'எப்படிப் போனார்' என்கிற உங்கள் கேள்விக்கு என்னால் ஒரு கதைதான் சொல்ல முடியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கொண்டுவரத் தடை இருந்தது. என் மாமா ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு மூட்டையை வைத்து, மேலே வைக்கோலும் ஒரு கன்றுக்குட்டியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாவடியில் ஒருவர் மலையாளத்தில் கேட்டார். மாமா மலையாளம் நன்றாகப் பேசுவார். ஆனாலும் ஒன்றும் புரியாதவர்போல முழித்தார். அவரும் அலுத்துப்போய் நகர்ந்தார். பிறகு இன்னொருவர் வந்து ஜீப் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, "எந்தூருங்கண்ணா? சாப்பிட்டாச்சுங்களா?" என்றார். அவ்வளவுதான். மாமா தன் ஊர், குலம், கன்றின் விலை என்று ஆரம்பித்து, "கல்யாண வீடுங்க, அரிசி பத்தலைங்க" என்பது வரை வந்துவிட்டார். நான் முழங்கையால் இடித்தும் பலனில்லை. மூட்டை இரண்டும் இறங்கின. கன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஹாப்கின்சனின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் கதவில் ஊன்றிய அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவருடைய மேலதிகாரிகளுக்கு இந்தியர்களின் மொழி தெரியாது. இந்தியர்களில் பலருக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் இவர். அதனால் இவர் என்ன சொன்னாரோ அதுதான் அரசுக்குப் பஞ்சாபியர் பேசியது. எல்லையில் வாழ்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சரி, கப்பலுக்கு வருகிறேன். கோமகாட்டா மாரு ஹாங்காங்கிலிருந்து கிளம்பி 1914 மே 23-இல் வான்கூவர் வந்தது. 376 பயணிகள், 340 பேர் சீக்கியர், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். எல்லாரும் பஞ்சாபிகள், நம் பக்கத்து ஆள் யாருமில்லை. கப்பலை வாடகைக்கு எடுத்தவர் குர்தித் சிங். பிறந்த நாட்டிலிருந்து நேரே ஒரே பயணமாக வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று 1908-இலேயே விதி போட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே கிடையாது. ஆசியர் என்றால் கையில் 200 டாலரும் காட்டவேண்டும். சட்டத்தில் எங்கும் 'இந்தியன் வரக்கூடாது' என்று இருக்காது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

கப்பலைத் திருப்பியது ஹாப்கின்சன் இல்லை. அந்த விதியும் அரசும் கோர்ட்டும் சேர்ந்து திருப்பின. ஏற்கெனவே கனடாவில் குடியிருந்தவர்கள் என்று இருபத்துச் சொச்சம் பேரை மட்டும் இறங்கவிட்டார்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் கரையைப் பார்த்துக்கொண்டே தண்ணீரிலிருந்தார்கள். ஜூலை 19 விடிவதற்குள் 'சீ லயன்' என்ற இழுவைப் படகில் போலீஸ் போனது. ஹாப்கின்சனும் அதில் இருந்தார். மேலே இருந்தவர்கள் கப்பல் கரியை அள்ளி வீசினார்கள், போலீஸ் பின்வாங்கியது. கடைசியில் 'ரெயின்போ' என்ற போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜூலை 23-இல் கோமகாட்டா மாரு திரும்பியது. செப்டம்பர் 29-இல் கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஹாப்கின்சனின் முடிவு வந்தது அவர் வளர்த்த ஆட்கள் வழியாகத்தான். அவருடைய உளவாளிகளில் ஒருவன் பேலா சிங். செப்டம்பர் 5-இல் வான்கூவர் குருத்வாராவுக்குள்ளேயே துப்பாக்கியை எடுத்துச் சுட்டான், இரண்டு பேர் செத்தார்கள். அவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல அக்டோபர் 21-இல் ஹாப்கின்சன் கோர்ட்டுக்கு வந்திருந்தார். கோர்ட் அறைக்கு வெளியே நடைவழியில் மேவா சிங் என்ற மில் தொழிலாளி அவரைச் சுட்டுக் கொன்றார். தப்பி ஓடப் பார்க்கவில்லை. 1915 ஜனவரி 11-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரை அங்குள்ள சீக்கியர்கள் இன்றும் தியாகியாக நினைவுகூர்கிறார்கள். பேலா சிங்கோ தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லி விடுதலையானான்.

ஹாப்கின்சனை வில்லன் என்று சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான், கை வரவில்லை. என் மாமாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டவர் உண்மையாகவே அக்கறையோடு கேட்டிருக்கலாம். பின்னாட்களில் ஒரு கல்யாணத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். மாமா அவரிடம் அரிசி விஷயத்தை எடுக்கவே இல்லை. பாயசம் மட்டும் இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

கட்டுரையில் 'துறைமுகப் போலீஸ்காரர்' என்பதை 'குடியேற்ற ஆய்வாளர்' என்று திருத்திவிட்டேன். நன்றி. அடுத்த தடவை அந்தப் பக்கம் வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.