பஸ் ஏறினால் நெஞ்சு படபடக்கிறதா? முகாம் வேண்டாம், காட்டூர் வரை ஒரு டிக்கெட் போதும்

கேள்வி: எனக்கு வயது 36. திருவெறும்பூரிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கு வேலைக்குப் போகிறேன். எட்டு மாதத்துக்கு முன் பஸ்ஸில் நெஞ்சு படபடவென்று அடித்து, விரலெல்லாம் மரத்து, செத்துவிடுவேன் என்று தோன்றியது. பாதி வழியில் இறங்கிவிட்டேன். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து பஸ் ஏறுவதில்லை, கணவர்தான் வண்டியில் கொண்டுவிடுகிறார். கைப்பையில் அல்ப்ரஸோலம் மாத்திரை இல்லாமல் வெளியே போவதில்லை. 15,000 ரூபாய் கட்டினால் இரண்டே நாளில் பயம் அடியோடு போய்விடும் என்று ஒரு முகாமில் சேரச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சேரலாமா? பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: சேர வேண்டாம். அந்த 15,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

"ஒன்றுமில்லை" என்று உங்களிடம் சொன்னதுதான் முதல் தவறு. உங்களுக்கு ஒன்று இருக்கிறது, அது இதயத்தில் இல்லை, அவ்வளவுதான். அதன் பெயர் பேனிக் அட்டாக், பீதித் தாக்குதல். சீட்டில் அந்த ஒரு வார்த்தையை எழுதி, இரண்டு நிமிடம் உட்காரவைத்து விளக்கியிருந்தால் இந்த எட்டு மாதம் வீணாகியிருக்காது. நெஞ்சு படபடப்போடு வருகிறவரை எக்கோ வரை அனுப்பத் தெரிந்த நம் ஆஸ்பத்திரிகளுக்கு, எக்கோ நார்மல் என்று வந்தபின் அவரை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. பலர் அடுத்தடுத்த இதய மருத்துவரைத் தேடிப் போய், அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அன்று உடம்பில் நடந்தது இதுதான். ஆபத்து என்று மூளை தவறாக மணி அடித்தது. அட்ரினலின் சுரந்தது, இதயம் வேகமெடுத்தது, மூச்சும் வேகமானது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்ததும் தலை கிறுகிறுத்ததும் அதனால்தான். இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானே இறங்கும். நீங்கள் உச்சத்தில் இருக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். படபடப்பும் இறங்கியது. "இறங்கியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. அதைப் பொய் என்று காட்ட எட்டு மாதமாக நீங்கள் அதற்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கவில்லை. கணவரின் வண்டியில் போன ஒவ்வொரு நாளும் அந்தக் குறிப்பு உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது, மறுபடி பஸ் ஏறுவது. ஆனால் படிப்படியாக. ஒரு தாளில் உங்கள் வழித்தடத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். ஸ்டாப்பில் நின்று பஸ்களைப் பார்ப்பது 25 என்று வைப்போம். காட்டூர் வரை போய் இறங்குவது, அங்கே கணவர் காத்திருக்கிறார் என்றால் 40. அவர் இல்லாமல் 50. அரியமங்கலம் 60, பால்பண்ணை 65. காந்தி மார்க்கெட் பக்கம் நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும், அதனால் அது 75. காலை 11 மணிக்குச் சத்திரம் வரை 80. ஒன்பது மணிக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே போவது 95. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். 40 உள்ள படியில் தொடங்குங்கள். 25-இல் நின்றால் மூளை எதையும் கற்காது, 95-இல் தொடங்கினால் மறுநாள் வீட்டை விட்டே கிளம்ப மாட்டீர்கள்.

ஒரே படியை வாரத்துக்கு ஐந்து முறையாவது செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை போதாது, இடையில் பயம் பழைய அளவுக்கு ஏறிவிடும். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு நாளில் நான்கு முறைகூடப் போய்வரலாம்.

ஏறும் முன் ஒரு சிறிய நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "இன்று மயங்கி விழுவேன், 70 சதவீதம் நிச்சயம்." இறங்கியதும் அதன் கீழே நடந்ததை எழுதுங்கள்: "விழவில்லை. வியர்த்தது. பால்பண்ணை தாண்டியதும் குறைந்தது." பயம் வந்ததா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. நீங்கள் எதிர்பார்த்த விபரீதம் நடந்ததா என்பதுதான் கணக்கு. பத்துப் பக்கம் நிரம்பியதும் அந்த 70, 20 ஆகியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, உச்சத்தில் இறங்கிவிடுவது. திட்டமிட்ட ஸ்டாப்புக்கு முன்னால் இறங்காதீர்கள். அப்படி இறங்கிவிட்டால் வீட்டுக்குத் திரும்பாமல் அடுத்த பஸ்ஸில் ஏறி அந்த ஸ்டாப் வரை போய்விடுங்கள். இரண்டு, துணைப் பொருட்கள்: கதவோரச் சீட், தண்ணீர் பாட்டில், வழி முழுக்கக் கணவரோடு போன் பேச்சு. இவை இருந்தால், "போன் இருந்ததால் பிழைத்தேன்" என்று மூளை புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். முதல் வாரம் இருக்கட்டும், பிறகு ஒவ்வொன்றாக விடுங்கள். மூன்றாவது, படபடப்போடு மல்லுக்கட்டுவது. "போ, போ" என்று விரட்டினால் கூடும். "சரி, வந்திருக்கிறாய், இரு" என்று விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படியுங்கள்.

தூக்கம் கெட்ட நாள், காய்ச்சல் கண்ட வாரம், வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபி குடித்த காலை ஆகியவற்றில் படபடப்பு எளிதில் வரும். ஒரு மோசமான நாளை வைத்து முன்னேற்றம் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். மறுநாள் அதே படிக்குப் போங்கள்.

அடுத்து, மயக்கம். பீதித் தாக்குதலில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மயக்கம் வருவது அழுத்தம் இறங்கும்போது. அதனால்தான் பீதியில் மயங்குவதுபோல் தோன்றுமே தவிர, மயங்கி விழுவது அரிது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எல்லா அறிவுரையும் தலைகீழ். ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டால் வரும் பயம் அது. அந்தப் பயத்தில் அழுத்தம் முதலில் ஏறி, சட்டென்று சரிந்துவிடும், நாடித்துடிப்பும் குறையும், ஆள் உண்மையிலேயே விழுவார். அவரிடம் "உடம்பைத் தளர்த்துங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் விழுவார். அவருக்கு வேண்டியது நேர் எதிரான பயிற்சி. உட்கார்ந்தோ படுத்தோ கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு 20 முதல் 30 நொடி விட வேண்டும், ஆனால் துவண்டுபோகும் அளவுக்கு விடக் கூடாது. இதுபோல் ஐந்து சுற்று. ரத்தம் எடுக்கும்போது ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்துவிட்டு மற்றவற்றை இறுக்கலாம். லேப்பில் "படுக்கவைத்து எடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. ஸ்வீடனில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களில் வகுத்த முறை இது. இங்கே பல "தைரியப் பயிற்சியாளர்"களுக்கு இந்த வேறுபாடே தெரியாது. ஊசி போடும்போதோ ரத்தத்தைப் பார்த்தோ எப்போதாவது விழுந்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

கைப்பையில் உள்ள மாத்திரை விஷயம். அல்ப்ரஸோலம் அரை மணியில் படபடப்பை அடக்கும், உண்மை. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் பாராட்டு மாத்திரைக்குப் போய்விடும், மூளை எதுவும் கற்காது. தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். அது எச்1 பட்டியல் மருந்து. மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு வாங்கி, தனிப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சீட்டில்லாமல் கொடுக்கும் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. தினமும் போட்டுவருகிறீர்கள் என்றால் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அவர் எசிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரை எழுதினால் அது வேறு வகை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் படபடப்பு சற்றுக் கூடலாம், பயிற்சியோடு சேர்த்தே எடுக்கலாம்.

முகாமுக்கு வருவோம். நெருப்பில் நடக்கவைப்பார்கள், மேடையில் கத்தவைப்பார்கள், நானூறு பேர் கைதட்டுவார்கள். அந்த மண்டபத்தில் கற்ற தைரியம் அந்த மண்டபத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், காந்தி மார்க்கெட் நெரிசலுக்கு உங்களோடு வராது. பஸ் பயம் பஸ்ஸில்தான் போகும். நூறு சதவீத உத்தரவாதம், முழுப்பணமும் முன்கூட்டியே, முடிந்ததும் "இரண்டாம் நிலை" வகுப்பு, "மாத்திரையெல்லாம் தூக்கிப் போடுங்கள்" என்ற பேச்சு: இவற்றில் ஒன்று கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சேர்ப்பவருக்குக் கமிஷன் கொடுக்கும் முகாம்களும் இருக்கின்றன. அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அவரிடம் சொன்னவர் யார் என்று கேளுங்கள்.

தனியாக முடியவில்லையென்றால் மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர் வேண்டாம். 'கவுன்சிலர்' என்று பலகை மாட்ட எந்தத் தகுதியும் கேட்காத நிலைதான் நடைமுறையில் இன்னும் இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருத்துவம் இலவசம், ஆனால் வரிசை நீளம். மருத்துவர் ஒருவருக்குச் சில நிமிடம்தான் ஒதுக்க முடியும், மாத்திரை எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடும். உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான பாலிசிகளோ ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. உங்களைப் போல நடமாடிக்கொண்டே அவதிப்படுகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்? இப்போதைக்கு 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. முதல் வாரம் அவர் காட்டூர் ஸ்டாப்பில் காத்திருக்கலாம். பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் வர வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்யவும் வேண்டாம். இறங்கியதும் "பயமா இருந்ததா?" என்று கேட்காமல், நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்கட்டும். இரண்டாவது வாரம் அவர் நேராக வேலைக்குப் போய்விடலாம்.