பெயர் வாங்காதீர்கள், ஃபைலாகவே வாங்குங்கள்

கேள்வி: அண்ணா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். பெரிய டேட்டாவைத் துண்டு துண்டாக வரிசைப்படுத்த ஒரு சி புரோகிராம் எழுதினேன். டெம்ப்நேம் கொடுக்கும் பெயரை எஃப்ஓபனில் திறந்து தற்காலிக ஃபைல்களாக வைத்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறை பில்ட் பண்ணும்போதும் 'இது ஆபத்து, எம்கேஸ்டெம்ப் நல்லது' என்று எச்சரிக்கை வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: விடாதீர்கள் தம்பி. டெம்ப்நேம் தருவது வெறும் பெயர். அது பார்த்த அந்த நொடியில் அப்படி ஒரு ஃபைல் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உணவங்காடியில் காலி மேசையைப் பார்த்துவிட்டு, டிஷ்யூ பாக்கெட்கூட வைக்காமல் சாப்பாடு வாங்க வரிசையில் நிற்கிற மாதிரி. நீங்கள் எஃப்ஓபன் பண்ணுவதற்குள் வேறொருவர் அதே பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க்கை (இன்னொரு ஃபைலுக்கு வழிகாட்டும் குறுக்குவழியை) வைத்து, அதை உங்கள் அசைன்மென்ட் ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், எஃப்ஓபனின் 'டபிள்யூ' (எழுதும்) மோடு அந்த லிங்க் வழியாகப் போய் அசைன்மென்ட்டைக் காலி பண்ணிவிடும், அதுவும் உங்கள் அனுமதியிலேயே! பல லினக்ஸ்களில் இப்போது இதற்குத் தடுப்பு இருக்கிறது, ஆனாலும் பல பேர் லாகின் பண்ணும் லேப் சர்வரில் அதை நம்பி எழுதக்கூடாது. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான 2008 போசிக்ஸ் தரமே டெம்ப்நேமை வழக்கொழியப் போவது என்று குறித்துவிட்டது.

எம்கேஸ்டெம்ப் பெயரைத் தேர்ந்தெடுத்த கையோடு ஃபைலையும் உருவாக்கித் திறந்து தருகிறது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் திறக்காதே என்று கெர்னலிடமே (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியிடமே) சொல்லிவிடுவதால் நடுவில் யாரும் நுழைய முடியாது. ஃபைலின் அனுமதி 0600, அதாவது உங்களுக்கு மட்டும். நீங்கள் கொடுக்கும் பெயர் மாதிரி ஆறு பெரிய எக்ஸ் எழுத்துகளில் முடிய வேண்டும், அந்த எழுத்துகளின் மேலேயே அது புதுப் பெயரை எழுதும். அதனால் மாதிரியை, மாற்றி எழுதக்கூடிய கேர் அரேயில் (எழுத்து வரிசையில்) வையுங்கள், மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தை நேரடியாக அனுப்பினால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் நின்றுவிடும். திரும்பி வருவது ஃபைல் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த ஃபைலைக் குறிக்கும் ஒரு எண். மைனஸ் 1 வந்ததா என்று கட்டாயம் பாருங்கள், அப்புறம் அந்த எண்ணை வழக்கமான ஃபைலாக மாற்றும் எஃப்டிஓபன் போட்டால் எஃப்பிரின்ட்எஃப் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். திறந்தவுடனேயே அன்லிங்க் (பெயரை நீக்குவது) பண்ணிவிடலாம்: பெயர் போய்விடும், ஆனால் மூடும்வரை ஃபைல் உயிரோடு இருக்கும், புரோகிராம் நடுவில் கிராஷ் ஆனாலும் குப்பை மிஞ்சாது.

சரி, உங்கள் வேலைக்கு இவ்வளவுகூட வேண்டாம் என்பது என் கருத்து. துண்டுகளை உங்கள் புரோகிராம் மட்டும்தானே படிக்கப்போகிறது, வெளியே யாருக்கும் பெயர் தெரிய வேண்டியதில்லை. 1989 சி தரத்திலேயே இருக்கும் டெம்ப்ஃபைல் போதும். எழுதவும் படிக்கவும் திறந்த ஃபைலாகவே தரும், மூடினால் தானாக அழிந்துவிடும். எழுதி முடித்ததும் மூடிவிடாமல், ரீவைண்ட் பண்ணி (ஆரம்பத்துக்குத் திரும்பி) மெர்ஜுக்கு, அதாவது துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். துண்டுகள் நூற்றுக்கணக்கில் போனால் மட்டும், ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் திறக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். லினக்ஸில் பொதுவாக 1024 இருக்கும், யூலிமிட் மைனஸ் என் அடித்தால் தெரியும்.