கடை டிவியில் பிரீமியர் லீக் போடலாமா? பெட்டிக்காரர் காட்டிய தாளில் இல்லாத விஷயம்

கேள்வி: லண்டன் டூட்டிங்கில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஸ்கை ஸ்போர்ட்ஸ், டிஎன்டி ஸ்போர்ட்ஸ் இரண்டுக்கும் மாதாமாதம் கட்டுகிறேன். அப்படியிருந்தும் சனிக்கிழமை மூன்று மணி பிரீமியர் லீக் கால்பந்து மேட்ச் எதிலும் வருவதில்லை. சென்னை வளசரவாக்கத்தில் இருக்கும் என் தங்கச்சியின் மகன் அதே மேட்சை போனில் பார்த்துவிட்டு என் மகனுக்கு ஸ்கோர் அனுப்புகிறான். இப்போது தெரிந்த ஒருவர் டிவியில் மாட்டும் பெட்டி ஒன்று தருகிறேன் என்கிறார். ஒரு தடவை 120 பவுண்ட் கொடுத்தால் போதுமாம், எல்லா மேட்சும் தமிழ் சேனல்களும் வருமாம். கடையிலும் போடலாம், ஐரோப்பிய நீதிமன்றமே அனுமதித்துவிட்டது என்று ஒரு தாளும் காட்டினார். வாங்கலாமா? இல்லாவிட்டால் வீட்டு ஸ்கையையே கடையில் போடலாமா?
— பெயர் வேண்டாம், டூட்டிங்

பதில்: பெட்டியை வாங்காதீர்கள். வீட்டு ஸ்கையையும் கடையில் போடாதீர்கள். அடுப்பில் சட்டி இருக்கிறது, நேரமில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரம் இருந்தால் மேலே படியுங்கள், ஏனென்றால் அந்தத் தாள் என் மேசைக்கு வருவது இது முதல் தடவை இல்லை.

முதலில் மூன்று மணி விஷயம். சனிக்கிழமை மதியம் 2:45 முதல் மாலை 5:15 வரை பிரித்தானியாவில் நேரலையாகக் கால்பந்து காட்டுவதில்லை என்பது அறுபது ஆண்டு வழக்கம். 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் மற்றக் கிளப்காரர்களைச் சம்மதிக்க வைத்துக் கொண்டுவந்தது. பெரிய அணியை டிவியில் காட்டினால் பக்கத்து ஊர்ச் சின்ன அணியின் மைதானத்துக்கு ஆள் வராது என்பது அவர் கவலை. அந்தக் காலத்துக்கு நியாயமான கவலைதான். இன்று ஒரு பருவத்தின் 380 லீக் ஆட்டங்களும் வெளிநாடுகளுக்கு விற்கப்படுகின்றன. மூன்று மணி மேட்ச் வளசரவாக்கத்தில் இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ ஓடுகிறது. மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர் மட்டும் அதைப் பார்க்கக்கூடாது. உங்கள் மருமகன் திருடிப் பார்க்கவில்லை, அவன் ஊரில் அது முறையாக விற்கப்பட்ட சரக்கு. உங்கள் ஊரில் அது விற்பனைக்கே இல்லை.

இனி இரண்டு பில் கதை. பிரீமியர் லீக் 1992இல் தொடங்கியபோது நேரலை முழுவதும் ஸ்கையிடம் போனது. ஒரே ஆள் கையில் எல்லாம் இருப்பது சரியில்லை என்று ஐரோப்பிய ஆணையம் வருடக்கணக்காக இழுத்து, கடைசியில் ஒரு விதி வந்தது: ஆட்டங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஏலம் விட வேண்டும், எல்லாக் கட்டுகளையும் ஒருவரே எடுக்கக் கூடாது. 2007இல் அது நடைமுறைக்கு வந்தது. அன்று ஆறு கட்டுகளில் இரண்டை எடுத்த செட்டான்டா சேனலின் பிரித்தானியக் கிளை 2009 ஜூனில் திவாலாகிப் போனது. பிறகு இஎஸ்பிஎன், பிறகு பிடி ஸ்போர்ட், இடையில் அமேசான், இப்போது டிஎன்டி. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது.

பார்வையாளருக்காகக் கொண்டுவந்த விதி என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். நீங்கள் கடைக்காரர், உங்களுக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு கடையில் ஒரே அரிசி இருந்தால் விலை இறங்கும். ஒரு கடைக்கு அரிசி மட்டும், இன்னொன்றுக்குப் பருப்பு மட்டும் என்று பிரித்துக் கொடுத்தால்? இரண்டு கடைக்கும் நீங்கள்தான் நடக்க வேண்டும், விலையும் இறங்காது. ஒவ்வொரு மேட்சும் ஒரே சேனலின் தனியுரிமை. ஏலக்காரர்களுக்குள் போட்டி வந்தது, உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு வந்தது இரண்டாவது பில்.

2025-26 பருவம் முதல் நான்கு ஆண்டுக்கு உள்நாட்டு ஒப்பந்தம் 670 கோடி பவுண்ட். ஒரு பருவத்துக்கு ஸ்கையில் குறைந்தது 215 ஆட்டங்கள், டிஎன்டியில் 52. கூட்டினால் 267. 380இல் மிச்சம் 113 ஆட்டங்கள் எவ்வளவு கட்டினாலும் நேரலையில் வராமல் போகலாம். இது ஒப்பந்தத்திலேயே உள்ள கணக்கு, ஆனால் ஸ்கை விற்க போனில் வருகிற பிள்ளைகள் யாரும் இந்த 113ஐச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது பெட்டிக்காரர்.

பெட்டி என்பது வெறும் பிளாஸ்டிக். உள்ளே ஏற்றியிருக்கிற ஆப்பும் அதற்கான பாஸ்வேர்டும்தான் சரக்கு. அந்த பாஸ்வேர்ட் உங்கள் ஆளுடையது இல்லை. அவர் இன்னொருவரிடம் மொத்தமாக வாங்குகிறார், அந்த இன்னொருவர் எங்கோ உள்ள சர்வரை நம்பியிருக்கிறார். 'வாழ்நாள் சந்தா' என்று சொன்னால் யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த சர்வரின் வாழ்நாள், அது அடுத்த பெரிய மேட்ச் வரை ஓடினால் அதிர்ஷ்டம். படம் நின்றதும் போன் போட்டால் 'அப்டேட் நடக்குது அண்ணா' என்பார். மூன்றாவது தடவை போனை எடுக்க மாட்டார்.

சட்டத்தைப் பொறுத்தவரை, திருட்டு ஒளிபரப்புக்காகவே தயார் செய்த பெட்டியை விற்பது குற்றம். இணையவழித் திருட்டுக்கான உச்சத் தண்டனை 2017இலேயே பத்து ஆண்டாக உயர்ந்துவிட்டது. மாதம் 10 பவுண்டுக்கு மேட்ச் காட்டிய ஒரு கும்பல்மீது பிரீமியர் லீக்கே வழக்குப் போட்டது. 2023 மேயில் ஐந்து பேருக்கும் சேர்த்து 30 ஆண்டுக்கு மேல் சிறை, தலைவனுக்கு மட்டும் 11 ஆண்டு. அவர்களுக்கு 50,000க்கு மேல் வாடிக்கையாளர்கள். அத்தனை பேரின் விவரமும் யார் கைக்குப் போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: உங்கள் கடையின் கார்டு மெஷின் எந்த வைஃபையில் ஓடுகிறது? பெட்டியும் அதே வைஃபையில்தானே ஓடப் போகிறது? யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஆப்பை உங்கள் வாடிக்கையாளரின் வங்கி அட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறேன். அது பொய்த் தாள் இல்லை. அதுதான் தொல்லை.

போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்ஸீயில் ரெட், ஒயிட் அண்ட் ப்ளூ என்று ஒரு பப். அதை நடத்திய கேரன் மர்பி, ஸ்கைக்கு பப் கட்டணம் கட்ட முடியாமல் கிரீஸ் நாட்டின் நோவா சேனலைத் திறக்கும் கார்டை வாங்கிப் பிரீமியர் லீக் காட்டினார். வழக்கு வந்தது, அபராதம் விழுந்தது. அவர் விடவில்லை. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2011 அக்டோபர் 4 அன்று தீர்ப்பு வந்தது: ஒரு உறுப்பு நாட்டில் முறையாக விற்கப்படும் கார்டை இன்னொரு உறுப்பு நாட்டில் பயன்படுத்தத் தடை போட முடியாது. 2012 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் மீதிருந்த தண்டனையை ரத்து செய்தது. இவ்வளவும் உண்மை. பெட்டிக்காரர் காட்டும் தாள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

தாளில் இல்லாதது மூன்று.

ஒன்று, அந்த அம்மா காசு கொடுத்து வாங்கிய கார்டு அது. கிரீஸில் அந்தச் சேனல் பிரீமியர் லீக்குக்கு முறைப்படி பணம் கட்டியிருந்தது. உங்கள் ஆளின் பெட்டியில் வருவது எந்த நாட்டிலும் யாரும் பணம் கட்டாத ஒளிபரப்பு. இரண்டும் ஒன்றில்லை.

இரண்டு, அதே தீர்ப்பில் அதே நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். மேட்ச் என்பது படைப்பு இல்லை, யாரும் அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது. ஆனால் தொடக்க இசை, லோகோ, திரையில் ஓடும் வரைகலை எல்லாம் படைப்புகள். பப்பில் வாடிக்கையாளருக்கு முன்னால் அவற்றைப் போட்டுக்காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதாவது வீட்டில் பார்க்கிறவருக்குக் கதவு திறந்தது, கடைக்காரருக்கு அதே தீர்ப்பிலேயே பாதி மூடியது. லோகோ இல்லாமல் எந்தச் சேனல் மேட்ச் காட்டுகிறது?

மூன்று, கேரன் மர்பி வென்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தை விதியைப் பிடித்துக்கொண்டு. 2020 டிசம்பர் 31 இரவோடு பிரித்தானியா அந்தச் சந்தையிலிருந்து வெளியே வந்துவிட்டது. இன்று கிரீஸ் கார்டோடு போனால் பிடித்துக்கொள்ள அந்த விதி இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் இதே தாளை லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியே வைத்திருந்தார். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் வந்தார். நோட்டீஸுக்குள் அவர் கடை டிவியின் புகைப்படம், தேதி, நேரம், கூடவே அவர் கடையிலேயே போட்ட ஒரு கோக்குக்கான ரசீது. சோதிக்க வந்தவர் கோக் குடித்துக்கொண்டு ஆட்டத்தின் ஒரு பாதி முழுவதையும் பார்த்திருக்கிறார்.

அவர் எதைப் பார்க்க வந்தார் தெரியுமா? ஸ்கோரை இல்லை. ஸ்கையில் வணிகச் சந்தா எடுத்த இடங்களுக்கு வரும் படத்தில், திரையின் மூலையில் சின்னதாக ஒரு பியர் கிளாஸ் படம் தெரியும். வீட்டுச் சந்தாவில் தெரியாது. கடைக்குள் நுழைந்து மூலையை ஒரு தரம் பார்த்தாலே போதும், விசாரணை முடிந்தது. உங்கள் வீட்டு ஸ்கை பற்றிய கேள்விக்கு இதுதான் பதில். மாதம் தவறாமல் கட்டியிருந்தாலும் அது வீட்டுக்குக் கொடுத்த உரிமை. கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு கடையில் போட்டால், 1988 காப்புரிமைச் சட்டத்தின்படி அது குற்ற வழக்காகவே வரலாம். மது உரிமம் வைத்திருப்பவர் என்றால் கவுன்சிலிலும் பதில் சொல்ல வேண்டி வரும்.

முறையாகப் போட வேண்டுமென்றால் வணிகச் சந்தாதான். கடையின் ரேட்டபிள் வேல்யூவை (வணிக வரிக்காகக் கட்டடத்துக்குப் போட்டிருக்கும் மதிப்பு) பார்த்து விலை சொல்வார்கள், எனவே பக்கத்துக் கடைக்காரர் கட்டும் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நேரடியாகக் கம்பெனியிடம் கேளுங்கள். 'நான் பேசிக் குறைத்துத் தருகிறேன்' என்று வரும் ஆளிடம் வேண்டாம். அதோடு கடைக்குத் தனி டிவி லைசன்ஸ் வேண்டும், 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்ட் ஆனது. வீட்டு லைசன்ஸ் கடைக்குச் செல்லாது. டிவி சத்தம் வாடிக்கையாளர் காதில் விழுந்தால் இசை உரிமமும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, அதை ஈடுகட்ட மாதம் எத்தனை கொத்து ரொட்டி கூடுதலாக விற்க வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு மேசைக் கடைக்கு இது கட்டுப்படியானதை நான் அதிகம் பார்த்ததில்லை. உலகக் கோப்பை, யூரோ, எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் போன்றவை சட்டப்படி இலவச சேனல்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. அந்த நாட்களில் பிபிசியையோ ஐடிவியையோ, நுழைவுக் கட்டணம் வாங்காமல், மேற்சொன்ன இரண்டு உரிமத்தோடு போடுங்கள். கடை நிறையும்.

வீட்டுச் செலவைக் குறைக்க வழி உண்டு. மகன் எந்த அணிக்கு ரசிகன் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த அணியின் அடுத்த இரண்டு மாத அட்டவணையை எடுத்து, எந்த மேட்ச் எதில் என்று குறித்துப் பாருங்கள். டிஎன்டியில் இரண்டோ மூன்றோதான் இருக்கும் என்றால் அதை நிறுத்தலாம். ஸ்கையின் ஆட்டங்களை நவ் என்ற இணையச் சேவை வழியாக ஒரு நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ மட்டும் வாங்கலாம், கோடை விடுமுறையில் கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடியப் போகிறது என்று 10 முதல் 40 நாள் முன்னதாகக் கம்பெனி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமின் விதி. அந்த மின்னஞ்சலைத்தான் எல்லோரும் விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்கள். அது வந்த அன்றே போன் போட்டு 'நிறுத்தப் போகிறேன்' என்று சொல்லுங்கள். விலை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். அவர்களாக இறக்க மாட்டார்கள்.

மூன்று மணி மேட்சுக்கு வானொலியில் தடை இல்லை, பிபிசியின் ஃபைவ் லைவில் வர்ணனை உண்டு. இரவில் பிபிசியில் தொகுப்பு வரும். நேரில் பார்க்கவும் யாரும் தடை போடவில்லை. ஏஎஃப்சி விம்பிள்டனின் பிளவ் லேன் மைதானம் டூட்டிங்கிலிருந்து நடக்கிற தூரம்தான். பாப் லார்ட் யாருக்காகக் கவலைப்பட்டாரோ அந்த மாதிரி அணி. மகனை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

பெட்டிக்காரர் திரும்ப வந்தால் சண்டை வேண்டாம், தெரிந்தவர் என்கிறீர்கள். அவருடைய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் 'கடையில் போட அனுமதி உண்டு, வழக்கு வந்தால் செலவு என்னுடையது' என்று எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். இதுவரை நாலு பெட்டிக்காரர்களிடம் இப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாலு பேருக்கும் பேனா கிடைக்கவில்லை.