எறும்பு எவ்வளவு நேரம் கடிக்கும்?

குழந்தைகள் வார்டில் நீண்ட காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் என்ற சிறுநீரகப் பாதிப்போடு பல வருடங்கள் போராடிய ஒரு மகனின் தாய். இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். "ஊசியெல்லாம் கிடையாது, டாக்டர் மாமா சும்மா பார்ப்பார்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அன்றைக்கே மூன்று தடவை குத்தினார்கள். இப்போது யூனிஃபார்மில் யார் வந்தாலும் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறான். என்னிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதில்: நீங்களாவது தெரியாமல் சொன்னீர்கள் அம்மா. நான் எல்லாம் தெரிந்த நர்ஸ். என் மகனுக்கு 4 வயதில் ஒருநாள் காலையில் கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. ஏதோ பூச்சி கடி, அலர்ஜி என்று இரண்டு நாள் அதற்கே மருந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளமாகத் தடம். விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி அப்படியே நின்றது. என் வார்டிலேயே அவனைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அங்கே நானும் ஒரு பொய் சொன்னேன். எத்தனையோ குழந்தைகளிடம் சொல்லிப் பழகிய பொய்: "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்." நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தேடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு விசும்பிக்கொண்டே கேட்டான், "எறும்பு இவ்ளோ நேரமாம்மா கடிக்கும்?" அதற்குப் பிறகு வேலையிலிருந்த வருடங்களில் எந்தக் குழந்தையிடமும் நான் எறும்பைப் பற்றிப் பேசியதில்லை.

முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். வளைத்துப் பேச வேண்டாம். "ஊசி இருக்காதுன்னு சொன்னேன், அது தப்பு. இனிமே இருந்தா இருக்குன்னு சொல்லுவேன்" என்றால் போதும். அவன் பதில் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் கேட்டிருப்பான். அப்புறம் அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். "இன்னைக்கு ஊசி இருக்கா?" என்று கேட்டு, உங்களுக்குத் தெரியாவிட்டால், "சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கேளுங்கள். இந்த வயதுக் குழந்தைக்கு முந்தின நாளே சொல்ல வேண்டாம், ராத்திரி முழுக்கப் பயத்தோடு கிடக்கும். கொஞ்ச நேரம் முன்னால் சொன்னால் போதும். வலிக்குமா என்று கேட்டால் வலிக்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்றே சொல்லுங்கள்.

"ஊசி போட்டுக்கலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்பான். அந்த வேண்டாமுக்கு அங்கே மதிப்பிருக்காது. எந்தக் கை, பார்க்கப் போகிறானா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறானா, எண்ணுவதா ஊதுவதா, இதையெல்லாம் அவனிடம் விடுங்கள். படுக்க வைத்து அழுத்திப் பிடிக்கும்போது பயம் இரட்டிப்பாகிறது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து நீங்கள் அணைத்துக்கொள்ளலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள், பல ஊசிகளை அப்படியே போடலாம். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. தடவி ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். முடிந்தவரை அவன் கட்டிலில் வைத்துக் குத்தாமல் வேறு அறையில் செய்யச் சொல்லுங்கள். கட்டிலாவது அவனுக்குப் பயமில்லாத இடமாக இருக்கட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடேயே சொல்கிறேன். "சேட்டை பண்ணினா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டும் பெற்றோரை நான் தினமும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழந்தை ஊசியைத் தண்டனை என்று புரிந்துகொள்கிறது. அப்புறம் நாங்கள் தண்ணீர் டம்ளரோடு வந்தாலும் அலறும்.

கேள்வி: என் 3 வயது மகளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரமாக வார்டில் இருக்கிறாள். நான் இல்லாதபோது அமைதியாக இருக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் அழுகிறாள், கிளம்பும்போது இன்னும் மோசம். "நீ அடிக்கடி போகாதே, குழந்தை பழகிக்கும்" என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: ஒரு காலத்தில் மருத்துவமனைகளும் இதையேதான் சொல்லின. பிரிட்டனில் பல குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. அம்மா வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனையில் 8 நாள் இருந்த ஒரு 2 வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952இல் திரையிட்டார். அந்த அமைதி பழகிப்போனதல்ல, நம்பிக்கை இழந்து சுருண்டுகொண்டது என்றார் அவர். மருத்துவர்கள் பலருக்குப் படம் பிடிக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனால் 1959இல் அங்கே அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க விட வேண்டும், சின்னக் குழந்தைகளோடு தாய் தங்கவும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

உங்கள் மகள் உங்களைப் பார்த்துத்தான் அழ முடியும், மற்றவர்களிடம் அடக்கிக்கொள்கிறாள். ஆகவே போங்கள், அழட்டும். தூங்கும்போது நழுவி மட்டும் வராதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படுவாள். போகிறேன் என்று சொல்லிவிட்டு, எப்போது வருவேன் என்பதை அவள் கணக்கில் சொல்லுங்கள்: "நீ தூங்கி எழுந்து பல் தேய்க்கறப்போ அப்பா வந்திடுவேன்." சொன்னபடி வந்துவிடுங்கள். உங்கள் துண்டோ பழைய சட்டையோ எதையாவது அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனால், திரும்பி வருவீர்கள் என்பதற்கு அது ஒரு அடமானம் மாதிரி.

கேள்வி: நெஃப்ரோடிக்குக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் என் பையனுக்கு முகம் உப்பிவிட்டது. எந்நேரமும் பசி, தொட்டதற்கெல்லாம் கோபம். மாத்திரையை நிறுத்து என்கிறார் என் அம்மா. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது.

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து பல வாரம் ஸ்டீராய்டு கிடைத்துக்கொண்டே இருந்தால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. பசியும் கோபமும் கன்னம் உருண்டு வருவதும் மருந்தின் வேலை, டாக்டர் அளவைக் குறைக்கக் குறைக்கத் தணியும். காலையில் இமை வீங்குவதும், காலில் அழுத்தினால் குழி விழுவதும் நோயின் வேலை. உங்கள் அம்மாவுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

மறதிக்கு ஒரு நோட்டு போடுங்கள். தினமும் காலையில் யூரின் ஸ்டிரிப் (சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று பிளஸ் கணக்கில் காட்டும் பட்டை) என்ன காட்டியது, எடை எவ்வளவு, மாத்திரை கொடுத்தாயிற்றா என்று எழுதி, அதே பக்கத்தின் அடியில் டாக்டரிடம் கேட்க வேண்டியதையும் எழுதுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், ரவுண்ட்ஸில் அதற்கு மேல் யாரும் நிற்கமாட்டார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். இந்த நோயில் அந்த நோட்டுக்கு நிறைய மதிப்பு. புரதம் தொடர்ந்து 3 நாள் மூன்று பிளஸ் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. தொடர்ந்து 3 நாள் புரதம் "இல்லை" அல்லது "லேசான தடம்" என்று வந்தால் அடங்கிவிட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டில் நோய் அடங்கும், ஆனால் திரும்பத் திரும்ப வருவதும் இதன் சுபாவம். திரும்பி வந்தால் உங்கள் கவனிப்பில் குறை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் நோட்டு, ஸ்டிரிப் எதற்கும் காத்திருக்காமல் கிளம்புங்கள். பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தம்பி மருத்துவமனையில் இருப்பதால் என் 8 வயது மகள் பாட்டியோடு இருக்கிறாள். எதையும் கேட்பதில்லை, ரொம்பப் பொறுப்பாக நடந்துகொள்கிறாள். சரியாகத்தான் இருக்கிறாளா?

பதில்: கேட்காத பிள்ளையிடம்தான் நீங்களாகப் போய்ப் பேச வேண்டும். என் மகளும் அப்படித்தான் இருந்தாள். தம்பி டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்றைக்கு இரவு, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "நான் அவனைத் தள்ளிவிட்டதாலயாம்மா கிட்னி கெட்டுப்போச்சு?" வீக்கம் வருவதற்கு முந்தின நாள் பொம்மைக்காக இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை நாளும் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். எனக்குத் தெரியவே இல்லை.

உங்கள் மகள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்: "நீ செஞ்ச எதனாலயும் தம்பிக்கு இது வரலை."