மிச்சப் பாயசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 34 வயது. கல்யாணமாகிப் பத்து வருஷம். போன மாதம் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில்தான் வளைகாப்பு. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார் கணவர். நான்தான் வேண்டாமென்று, நாற்பது பேருக்கு ஐந்து வகை சாதம், வடை, பாயசம் எல்லாம் தனியாகச் செய்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தேன். பந்தி முடிந்ததும் மாமியார் சொன்னது ஒன்றே ஒன்று: "பாயசம் லேசா அடிப்பிடிச்சிருச்சு போல."

புளியோதரையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். அதை யாராவது சொன்னார்களா? கணவரும் வாயைத் திறக்கவில்லை. மிச்சப் பாயசத்தைக் கொல்லையில் கொட்டினேன். மகள் பின்னாலேயே வந்து, "எனக்கு ஒரு டம்ளர் குடும்மா" என்றாள். அவளுக்கும் திட்டு விழுந்தது. அவளும் என்னைப் போலத்தான். வீட்டுப்பாடத்தில் ஓர் எழுத்து தப்பினால் பக்கத்தையே கிழித்துவிடுகிறாள். அது கிடக்கட்டும். பத்து வருஷம் உழைத்தும் இந்த வீட்டில் எனக்கு நல்ல பேர் இல்லை. செய்தால் முழுசாகச் செய்யணும், இல்லையேல் தொடவே கூடாது என்று வளர்ந்தவள் நான். இனி எந்த விசேஷத்துக்கும் கரண்டியைத் தொடமாட்டேன். சரிதானே?

அன்புச் சகோதரி,

"அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கினீர்களே, எனக்கு அதுதான் கிடக்கவில்லை.

நாற்பது பேர் சமையலைப் பாராட்ட ஒரு வார்த்தை வரவில்லை என்றால் வலிக்கும். உங்கள் கணவர் பேசியிருக்கலாம். ஆனால் மாமியார் சொன்னது பாயசத்தைப் பற்றி ஒரு வரி. "நல்ல பேர் இல்லை" என்ற தீர்ப்பை எழுதியது நீங்கள். இரண்டாம் தரம் கேட்ட புளியோதரையை நீங்களே கணக்கில் சேர்க்கவில்லையே!

1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் இந்தக் கணக்கைக் கவனித்தார். நூறு, இல்லையென்றால் பூஜ்யம். நடுவில் எண்ணே கிடையாது. அந்த எண்ணம் நம்மைக் கேட்காமலே வந்துவிடும், வந்ததும் உண்மை போலவே இருக்கும் என்றார்.

பால் அடிப்பிடித்தால் வாசம் பாத்திரம் முழுக்க ஏறும், எனக்கும் தெரியும். இருந்தும் அதை ஒரு குழந்தை கேட்டு நின்றது. நீங்கள் கொட்டினீர்கள். அவள் பக்கத்தைக் கிழிக்கிறாள். இரண்டும் ஒரே கைவேலை. கரண்டியைத் தொடமாட்டேன் என்ற உங்கள் சபதமும் அதே கிழிப்புதான். ஆகவே, சரியில்லை. அடுத்த விசேஷத்துக்கு ஆள் வையுங்கள், பாயசம் மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

"கிழிக்காதே" என்று அவளை அதட்ட வேண்டாம். மளிகைச் சீட்டு எழுதும்போது தப்பினால், அவள் பார்க்க ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதே தாளில் தொடருங்கள். கிழித்த தாள் கையில் கிடைத்தால், அதில் சரியாக இருக்கும் வரிகளை அவளையே எண்ணச் சொல்லுங்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, தூக்கமின்மை என்று வந்தால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அவளுக்கு ஒரு டம்ளர் பாயசம் பாக்கி இருக்கிறது.